அப்பா பட்டாளத்தில் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம்: லீவு முடிவதற்கு முன்பிருந்து அவர் திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கிளம்பும். லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும் அப்பா அதைப் பிடிக்க இருட்டோடு எழுந்து குளித்துவிட்டு, தூங்கும் பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியேறிவிடுவார். "எழுப்ப வேண்டாம், அழுவான்" என்று அப்பத்தாவும் சொல்வார். காலையில் பிள்ளை எழுந்தால் கொடியில் அப்பாவின் துண்டு இல்லை, வாசலில் செருப்பு இல்லை. அன்றிலிருந்து அது தூங்கவே பயப்படும். நடுராத்திரி எழுந்து அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று தடவிப் பார்க்கும். பிரிவைவிட, சொல்லாமல் போனதுதான் பிள்ளையை அதிகம் உலுக்குகிறது.

அந்தப் பேச்சைத் தொடங்கப் பெரியவர்களுக்கே வாய் வராது. புத்தகம் இங்கேதான் கை கொடுக்கும். கதையில் வரும் முயல்குட்டியின் அம்மா தொலைவாகப் போகிறாள் என்றால், பிள்ளை முயலைப் பற்றித் தாராளமாகப் பேசும். தன்னைப் பற்றி நேராகக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் அதே பிள்ளை, "முயல்குட்டிக்குக் கோவம் வந்துச்சா?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசும். புத்தகத்தின் வழியே மனச்சுமையை இறக்கும் இந்த முறைக்கு மேல்நாட்டில் 1916-லேயே ‘பிப்ளியோதெரபி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கதாபாத்திரத்தில் பிள்ளை தன்னைக் காண்பது, அதனோடு சேர்ந்து அழுவது அல்லது சிரிப்பது, பிறகு "எனக்கும் இப்படித்தான்" என்று புரிந்துகொள்வது என்று அது படிப்படியாக நடக்கும். இரண்டாவதைத் தாண்டி உடனே மூன்றாவதுக்கு இழுத்துப் போவதுதான் பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இங்கே சொல்வதெல்லாம் எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, கடற்படை வீடுகளுக்கும் பொருந்தும். பணிக்குப் போவது அம்மாவாக இருந்தாலும், ராணுவ நர்ஸாகவோ மகளிர் பட்டாலியனிலோ, முறை இதேதான். ‘அப்பா’ என்ற இடத்தில் ‘அம்மா’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவப் புத்தகத்தைத் தேடாதீர்கள்

புத்தகம் வாங்கப் போனதும் கை முதலில் போவது துப்பாக்கி, டாங்கி, வீரர் படம் போட்ட புத்தகத்துக்குத்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது உதவாது. அதன் மனதில் உள்ள கேள்விகள் வேறு: அப்பா ஏன் போனார்? நான் அடம் பிடித்ததாலா? எப்போது வருவார்? என்னை மறந்துவிடுவாரா? அம்மாவும் போய்விடுவாரா? இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடுகிற கதைதான் தேவை. யாரோ ஒருவர் தொலைவாகப் போய்த் திரும்பி வரும் கதை, காத்திருக்கும் கதை, இருட்டுக்குப் பயந்த பிள்ளையின் கதை, கோபக்காரக் குட்டி யானையின் கதை என்று எதுவும் ஆகும். அதில் சீருடையே வராவிட்டாலும் பரவாயில்லை.

வீரமரணக் கதைகளும் தியாகிகள் வரலாறும் மரியாதைக்குரியவை. ஆனால் அப்பா ஃபீல்டில், அதாவது எல்லைப் பக்கக் களப்பணியில், இருக்கும் மாதங்களில் பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளையிடம் அவற்றைக் கொடுக்காதீர்கள். எந்தப் புத்தகத்தையும் வாங்கும் முன்பே அதன் கடைசிப் பக்கத்தைக் கடையில் நின்று படித்துவிடுங்கள். மேல்நாட்டில் பட்டாள வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே எழுதிய படப் புத்தகங்கள் உண்டு. அதில் வரும் வீடும் பனியும் கேக்கும் நம் பிள்ளைக்கு ஒட்டாது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதையை நம் பேச்சில் சொல்லலாம்.

வயதைப் பார்த்துச் சொல்வதானால், இரண்டு வயது வரை கதை முக்கியமே இல்லை, குரல்தான் முக்கியம். மூன்று முதல் ஆறு வயதுதான் மிகவும் கவனம் தேவைப்படும் பருவம். நடப்பதற்கெல்லாம் தானே காரணம் என்று நினைக்கும் வயது அது. ‘நாளை’, ‘அடுத்த மாதம்’ எல்லாம் அதற்கு ஒன்றுதான். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மொத்தம் 16 முதல் 24 பக்கம் போதும். சந்தப் பாட்டு இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ல் பிறந்தது இந்தச் செட்டிநாட்டுச் சீமையின் ராயவரத்தில்தான். அவர் பாட்டுகள் வாய்க்கு எளிதாக வருவதால், போனில் பாடிக் காட்டக்கூட ஏற்றவை. ஏழு முதல் பத்து வயதில் பயத்துக்கு உருவம் வந்துவிடும். செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு கேட்காமல் இருக்கும் வயது அது. அப்போது மலை, பனி, விமானம், கடிதம் எப்படிப் போகிறது என்பது போன்ற தகவல் புத்தகங்கள் பயத்தைக் குறைக்கும். பதினொன்றுக்கு மேல் நீங்கள் தேர்ந்தெடுத்துத் தருவதைவிட, அப்பாவும் பிள்ளையும் ஒரே நாவலைத் தனித்தனியே படித்துப் பேசிக்கொள்வதே நடக்கும்.

புத்தகத்துக்கு அதிகம் செலவாகாது. ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரி உண்டு. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வரிசை விலை குறைவு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக நான்கு வாசிப்பு நிலைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பதிவிறக்கி அச்செடுக்கலாம், படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றியும் எழுதலாம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற சிறு புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும், வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எதை வாங்கினாலும் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று அப்பாவின் பெட்டிக்கு.

மூன்று வாரம் முன்பு: குரலைப் பதிவு செய்யுங்கள்

சிப்பாய்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. அதைப் பிரித்துத்தான் எடுக்கிறார்கள். லீவின் கடைசி நாளில் பதிவு செய்ய உட்கார்ந்தால் அப்பாவின் தொண்டை அடைக்கும், பிள்ளைக்கும் அது தெரியும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கி, வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு கதையாக மொத்தம் பத்துக் கதைகள் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றும் 3 முதல் 5 நிமிடம். அமெரிக்காவில் ‘யுனைடெட் த்ரூ ரீடிங்’ என்ற அமைப்பு 1989-லிருந்து இதையே செய்து வருகிறது. நமக்கு ஒரு போன் போதும்.

இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வீடுகளில் முகப்பும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவும் உயரமான கூரை, வழவழப்புத் தரை. அங்கே பேசினால் எதிரொலிக்கும், குரல் அப்பாவுடையது போலவே இருக்காது. மெத்தையும் துணி அலமாரியும் உள்ள சிறு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

தொடக்கத்தில் பிள்ளையின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு புத்தகத்தின் பெயர். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் "திருப்பு கண்ணு" என்று சொல்லி மூன்று நொடி நிறுத்தினால், பிள்ளை தன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே வரும். இடையில் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு ஐந்து நொடி விடுங்கள். முடிவில் பத்துப் பதிவிலும் ஒரே வாக்கியம் இருக்கட்டும்: "கதை முடிஞ்சுருச்சு. போர்வையை இழுத்துப் போர்த்திக்க." தடுமாறினால், இருமினால் அழிக்க வேண்டாம். அந்த இருமல்தான் அப்பா.

"அழக் கூடாது", "அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே" என்பதெல்லாம் பதிவில் வேண்டாம். தினமும் ராத்திரி அதைக் கேட்கிற பிள்ளை, தன் அழுகை அப்பாவுக்குப் பிடிக்காது என்றுதான் புரிந்துகொள்ளும். "தீபாவளிக்கு வந்துருவேன்" என்பதும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருந்தால் போன் மாறும்போதோ இடமில்லாமல் அழிக்கும்போதோ போய்விடும். ஒரு பென் டிரைவிலும் ஒரு உறவினர் போனிலும் நகல் வைத்துவிடுங்கள்.

வீட்டுப் புத்தகம்: 16 பக்கம், ஒரு நூல்

கடையில் வாங்கும் எந்தப் புத்தகத்தையும்விட அதிகம் உழைப்பது இதுதான். பிள்ளையோடு சேர்ந்து, அப்பா இருக்கும்போதே செய்யுங்கள்.

வேண்டியவை: ஏ4 தாள் 4, அதே அளவில் கெட்டிச் சார்ட் அட்டை 1, கோணி ஊசி, தடித்த பருத்தி நூல் இரண்டு முழம், குச்சிப் பசை, புகைப்படங்கள் 8 முதல் 10. தாள்களைக் குறுக்கே பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம் வரும். அட்டை வெளியே. ஸ்டுடியோவில் போடும் 4-க்கு 6 இஞ்சுப் படத்தை நெடுக்காக ஒட்டினால்தான் பக்கத்தில் அடங்கும், கீழே இரண்டு இஞ்ச் எழுத இடமும் இருக்கும். படுக்கை வாட்டில் எடுத்த படம் விளிம்பைத் தாண்டிவிடும். ஆகவே போனை நிமிர்த்திப் பிடித்தே படம் எடுங்கள். தண்ணீர்ப் பதமான பசை தாளைச் சுருக்கும். அதனால்தான் குச்சிப் பசை.

தைப்பதற்கு மடிப்பின் மேல் மூன்று ஓட்டை: நடுவில் ஒன்று, மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. ஊசியை நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே விடுங்கள். மேல் ஓட்டை வழியே உள்ளே. உள்பக்கமாக நடுவைத் தாண்டிப் போய், கீழ் ஓட்டையில் வெளியே. மறுபடி நடு ஓட்டையில் உள்ளே. இரண்டு முனையும் நீள நூலின் இரு பக்கமும் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம், துருப்பிடிக்கும், சின்னப் பிள்ளை வாயில் வைக்கும்.

எழுத்து வீட்டுப் பேச்சில் இருக்க வேண்டும். அப்பாவை ‘அப்பச்சி’ என்று கூப்பிடும் வீட்டில் ‘அப்பச்சி’ என்றே எழுதுங்கள். முதல் பக்கம் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்த படம். அடுத்துப் பயணம்: காரைக்குடி ஸ்டேஷன், ரயில், சென்னை, அதற்கப்புறம் இன்னொரு ரயில், மலை. பிறகு அப்பா எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், எந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறார். பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நடுப்பக்கம் இங்குள்ள வாழ்க்கை: பள்ளிக்கு யார் கூட்டிப் போவார், ராத்திரி யார் பக்கத்தில் படுப்பார், ஆட்டுக்குட்டிக்கு யார் தழை போடுவார். போன் வராத நாளுக்கு ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும்: "மலையில் சில நாள் சிக்னல் இருக்காது. போன் வரலைன்னா அப்பா மறந்துட்டாருன்னு அர்த்தம் இல்லை. அன்னிக்கு நாம இந்தப் புத்தகத்தைப் படிப்போம்." இன்னொரு பக்கத்தில் இது: "நீ சேட்டை பண்ணினதால அப்பா போகலை. அது அப்பாவோட வேலை." இந்த இரண்டு வரிக்காகவே புத்தகம் தைக்கலாம். இரண்டு பக்கம் வெறுமையாக விடுங்கள், பிள்ளை வரையட்டும்.

கடைசிப் பக்கத்தில் தேதி போடாதீர்கள். "அப்பா வர்ற நாள் நமக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் மொதல்ல உனக்குத்தான் சொல்லுவோம்." லீவு தள்ளிப்போவது ராணுவத்தில் சாதாரணம். புத்தகம் பொய் சொன்னதாகப் பிள்ளை நினைத்துவிட்டால், அதற்கப்புறம் அதைத் தொடாது.

யூனிட் பெயர், இடம், பயணத் தேதி எதுவும் இந்தப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. கடிதத்துக்கு 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலைய முகவரி இருப்பதே இடம் வெளியே தெரியாமல் இருக்கத்தான். ‘பனி மலை’ என்று எழுதினால் பிள்ளைக்குப் போதும். பக்கங்களைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்.

எத்தனை நாள்?

ஃபீல்டு போஸ்டிங் வழக்கமாக 2 முதல் 3 ஆண்டு. சியாச்சின் போன்ற உச்சிச் சாவடிகளில் ஒரு தவணை சுமார் மூன்று மாதம். இந்தக் கணக்கைப் பிள்ளைக்குத் தேதியாகச் சொன்னால் ஏறாது, திருவிழாவாகச் சொன்னால் ஏறும். பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, தீபாவளி, கார்த்திகை, பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு, குன்றக்குடிப் பங்குனி உத்திரம் என்று ஒரு நீளத் தாளில் வரைந்து, வழியில் எங்காவது அப்பா வருவார் என்று மட்டும் காட்டுங்கள். பிள்ளையார் நோன்பு எடுக்கும் வீடுகளில் இன்னும் எளிது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழையாகச் சேர்ப்பதைப் பிள்ளை பார்த்திருக்கும். அதே போல ஒரு கதை படித்து முடித்தால் ஒரு நூலை ஒரு கொட்டானில், அதாவது ஓலைக் கூடையில், போடச் சொல்லுங்கள். இறங்குமுகமாக எண்ண வேண்டாம். லீவு தள்ளிப்போனால் இறங்குமுகக் கணக்கு உடைந்துவிடும், கூடிக்கொண்டே போகும் கணக்கு உடையாது. அப்பா வந்ததும் கொட்டானை அவர் கையில் கொடுக்கலாம்.

தினசரி படிக்கும் முறை

ஒரே நேரம், ஒரே இடம், 15 நிமிடம். பிரிவைத் தொடும் கதையைத் தூங்கும் நேரத்தில் படிக்காதீர்கள். அதைச் சாயங்காலம், வெளிச்சத்தில், பிறகு விளையாட ஓடுவதற்கு நேரம் இருக்கும்போது படியுங்கள். தூங்கும்போது சிரிப்புக் கதையோ அப்பாவின் பதிவோ போதும். பதிவை ஓடவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டால் அது டிவி ஆகிவிடும், பக்கத்தில் உட்காருங்கள்.

படித்ததும் "உனக்கும் அப்பா ஞாபகம் வருதா?" என்று கேட்காதீர்கள். கதாபாத்திரத்தோடு நின்றுவிடுங்கள். "இந்த முயல் இப்ப என்ன நெனைக்கும்?" என்று கேட்டுவிட்டு, பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். இது கடினம். பதில் வராவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள். பிள்ளை ஒரே புத்தகத்தை நாற்பது நாள் கேட்டால் நாற்பது நாளும் அதையே படியுங்கள், அந்தப் பக்கத்தில் அதற்கு ஏதோ வேலை பாக்கி இருக்கிறது. படிக்கும்போது உங்கள் கண் கலங்கினால், "அம்மாவுக்கும் அப்பா ஞாபகம் வந்துச்சு" என்று சொல்லித் துடைத்துக்கொண்டு தொடருங்கள். மறைத்தால்தான் பிள்ளை பயப்படும்.

சிக்னல் கிடைத்து அப்பா கூப்பிடும்போது "சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அப்போது இரு பிரதிகளையும் திறந்து, ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் பிள்ளை என்று படியுங்கள். நடுவில் லைன் அறுந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வேப்பிலையை வைத்து மூடுங்கள், அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம். மாதம் ஒரு முறை பிள்ளை வரைந்த பக்கத்தைத் தபாலில் அனுப்புங்கள். எண், ரேங்க், பெயர், யூனிட், 9-ல் தொடங்கும் பின்கோடு, ஏபிஓ எண் எல்லாம் சரியாக இருந்தால் போய்ச் சேரும்.

சொந்தக்காரர் வாய்

புத்தகம் கட்டியதை ஒரு வாக்கியம் இடித்துவிடும். "அடம் பிடிச்சா அப்பா வரமாட்டாரு" என்பது அப்படிப்பட்டது. "இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பளை" என்று எட்டு வயதுப் பையனிடம் சொல்வதும் அப்படித்தான். அவன் ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை நான்கு தடவை சரிபார்க்கத் தொடங்கிவிடுவான். இதைப் பெரியவர்களிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "அத்தை, இந்தப் பக்கத்தை நீங்க அவனுக்குப் படிச்சுக் காட்டுங்களேன்" என்று வீட்டுப் புத்தகத்தின் அந்த வரியை அவர் கையில் கொடுங்கள். வாயால் ஒரு தடவை படித்தவர் அதற்கு எதிராகப் பேசத் தயங்குவார்.

அப்பத்தாவிடமும் ஐயாவிடமும் (தாத்தாவிடமும்) கேட்க ஒரு பெரிய புத்தகமே இருக்கிறது. ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் மூன்று ஆண்டுத் தவணையில் ஆட்கள் போய் வந்த சீமை இது. கப்பலேறியவர் கடிதம், கொண்டுவந்த பெட்டி, வாசலில் காத்திருந்த பிள்ளைகள் என்று பல வீட்டில் அந்தக் கதை இன்னும் வாய்வழியாக இருக்கிறது. போனவர் திரும்பி வந்த கதையாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது, தான் மட்டும் இப்படி இல்லை என்று காட்டும்.

எல்லையில் பதற்றம் வரும்போது, 2025 மே மாதம் வந்தது போல, வீட்டு டிவியில் செய்திச் சேனலை நிறுத்துங்கள். பிள்ளை கேட்ட கேள்விக்கு மட்டும், கேட்ட அளவுக்குப் பதில். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "அப்பாவுக்கு நல்லா பயிற்சி குடுத்திருக்காங்க, கூட நிறைய பேர் இருக்காங்க, தெரிஞ்சதை உன்கிட்ட சொல்றேன்" என்று சொல்லலாம். அந்த வாரம் புதுப் புத்தகம் எதுவும் வேண்டாம், பழகிய கதை மட்டும் போதும்.

புத்தகத்தால் தீராததும் உண்டு. நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு பள்ளி எல்லாவற்றையும் மறுத்தாலோ, சாவைப் பற்றியே பேசினாலோ, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகச் சொல்லும் பிள்ளையை ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அன்றே கூட்டிப்போங்கள்.

திரும்பி வரும்போது

வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வீட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தினமும் காட்டுங்கள். அப்பா மெலிந்திருக்கலாம், கறுத்திருக்கலாம், மீசை மாறியிருக்கலாம். அண்மைப் படம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வந்த அன்று பிள்ளை அம்மா முந்தானைக்குள் ஒளிந்தால் யாரும் சிரிக்க வேண்டாம், தூக்கி அவர் கையில் திணிக்கவும் வேண்டாம். அப்பா வீட்டு முகப்புப் பட்டாலையில் உட்கார்ந்து தன் பிரதியைத் திறந்து, கொஞ்சம் சத்தமாகப் படிக்கத் தொடங்கட்டும். பதிவில் கேட்ட குரலும் எதிரே இருப்பவர் குரலும் ஒன்றென்று தெரிந்ததும் பிள்ளை நெருங்கி வரும். சிலருக்கு ஒரு மணி நேரம் ஆகும், சிலருக்கு மூன்று நாள். முதல் சில ராத்திரிகள் அம்மாவே படிக்கட்டும், அப்பா பக்கத்தில் கேட்கட்டும். பழகிய முறையை வந்த அன்றே அவர் கையில் எடுத்துக்கொண்டால், அதுவரை பிடித்து நின்ற கயிற்றை இழந்த மாதிரி பிள்ளை அழும்.

அந்த லீவிலேயே வீட்டுப் புத்தகத்தின் முடிச்சை அவிழ்த்து, நடுவில் ஒரு தாளை மடித்துச் சேர்த்து, அதே மூன்று ஓட்டையில் மறுபடி தைத்துவிடுங்கள். நான்கு பக்கம் கூடும். அதில் இந்த லீவில் எடுத்த படங்களை ஒட்டலாம். தேதி இல்லாத அந்தக் கடைசிப் பக்கம் அப்படியே கடைசியில் இருக்கும்.